ஜெல்லைக் கெட்டியாக்கும் சாந்தன் கம் செடியிலிருந்து வருவதா? வீட்டில் செய்யும் கற்றாழை ஜெல்லில் அதைச் சேர்த்து விற்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

சேர்க்கலாம். ஆனால் அது செடியின் கோந்து இல்லை. முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் காம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் கொழகொழவென்று ஒன்று சுரக்கும். அதைப் பிரித்து, காயவைத்துப் பொடித்ததுதான் சாந்தன் கம். அமெரிக்காவில் 1969-லேயே உணவில் சேர்க்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். செடியிலிருந்தே வந்தது வேண்டுமென்றால் குவார் கம் இருக்கிறது. அது நம் கொத்தவரை விதைதான்.

நூறு கிராம் ஜெல்லுக்கு அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம் போதும். நேராகத் தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு, அப்புறம் கற்றாழைச் சாற்றில் ஊற்றிக் கலக்குங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. சித்திரை வெயிலில் வேளச்சேரி வீட்டில் நான் செய்த முதல் ஜெல்லில் கிருமி வளராமல் தடுக்க எதுவுமே சேர்க்கவில்லை. வைட்டமின் ஈ போட்டால் கெடாது என்று நம்பியிருந்தேன். அது எண்ணெய் காறாமல் காக்கும், அவ்வளவுதான், கிருமியைத் தடுக்காது. ஐந்தாம் நாள் மேலே வெள்ளையாகப் பூஞ்சை. அதற்குள் ஒரு டப்பாவை நாத்தனார் மகளுக்குக் கொடுத்திருந்தேன். போன் செய்து தூக்கிப் போடச் சொல்லும்வரை எனக்கு நிம்மதியே இல்லை. கம் கெட்டியாக்குமே தவிர கெடாமல் காக்காது. கிருமியைத் தடுக்க சோடியம் பென்சோயேட் சேர்ப்பதாக இருந்தால் ஜெல்லின் பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 5-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. அந்தப் புளிப்பைச் சாந்தன் கம் தாங்கும்.

சரி, சட்டம். கம்முக்கென்று தனி அனுமதி தேவையில்லை, விற்கும் பொருளுக்குத்தான் தேவை. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, விற்பனைக்காகத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். வீட்டிலிருந்து இன்ஸ்டாகிராமில் விற்றாலும் இதேதான். சென்னையில் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். லேபிளில் உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவில் இறங்குவரிசையில் எழுத வேண்டும், மற்றவற்றை அதன் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம். பெரும்பாலான லேபிள்களில் சாந்தன் கம் பட்டியலின் கடைசியில் இருப்பது இதனால்தான்.

உரிமம் கையில் வரும்வரை தெரிந்தவர்களுக்குக்கூட விற்காதீர்கள்.