எபிரேயத்தின் 'பீன்', ஜூலுவின் 'போனா': ஒரே வேரா?

கேள்வி: எபிரேயத்தில் 'புரிந்துகொள்' என்று பொருள்படும் 'பீன்' என்ற வினைவேரும், தென்னாப்பிரிக்க மொழியான ஜூலுவில் 'பார்' என்று பொருள்படும் 'போனா'வும் ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்கின்றன. 'உற்று நோக்கினான்' என்னும் எபிரேய வடிவமான 'ஹித்போனேன்' என்பதில் 'போன்' அப்படியே காதில் விழுகிறது. இரண்டும் ஒரே வேர் என்று என் கட்டுரையில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். உங்களை மயக்கியது 'ஹித்போனேன்' என்பதிலுள்ள ஓகாரம். அது வேருக்கு உரியதன்று. அந்த வேரின் மெய்கள் ப, ய, ந என்ற மூன்றே; நடு மெய்யான யகரம் நிலைத்து நில்லாதது என்பதால், ஈற்று நகரத்தை இரட்டிக்கும் இந்த வினைவாய்பாடு போன்ற சில வடிவங்களில் அதன் இடத்தில் ஓகாரம் வந்து அமர்கிறது. அதே வேரில் பிறந்த 'பீனா' (அறிவு), 'ஹேவீன்' (புரிந்துகொண்டான்) ஆகியவற்றில் அதைக் காண முடியாது. ஜூலுவிலோ 'போனானா' (ஒருவரையொருவர் பார்), 'போனிஸா' (காட்டு) என ஈறுகள் மாறினாலும் 'போன்' அசைவதில்லை.

சொல்லை அதன் சொந்தக் குடும்பத்துக்குள் வைத்துப் பார்ப்பதே முதல் சோதனை. ஜூலுவும் கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலியும் பாண்டு என்ற ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜூலுவின் 'அபந்து' (மக்கள்) சுவாகிலியில் 'வாத்து'. '-பிலி' (இரண்டு) அங்கே '-விலி'. இப்படி ஜூலுவின் பகரத்துக்குச் சுவாகிலியில் வகரம் நிற்க, ஓகாரத்தின் முன் அதுவும் தேய்ந்து, 'போனா' அங்கே 'ஓனா' ஆகிறது. இத்தகைய ஒழுங்கான ஒலியிணைகள் பல சொற்களில் திரும்பத் திரும்ப வருவதுதான் உறவுக்குச் சான்று. எபிரேயத்துக்கும் பாண்டு மொழிகளுக்கும் இடையில் அப்படி ஒரு வரிசை கிடையாது. பகரமும் னகரமும் உலக மொழிகளில் மிகப் பரவலான ஒலிகள் என்பதால், ஓரிணை தற்செயலாக ஒத்துப்போவதில் வியப்பில்லை. மேலும், எபிரேயத்தில் 'பார்' என்பதற்குரிய இயல்பான வினை 'ராஆ'.

ஆனாலும் நீங்கள் தேடிய உறவு சுவாகிலியில் வேறு வாசல் வழியாக உண்டு. எபிரேய வேருக்கு உடன்பிறப்பான அரபு வேரிலிருந்து 'பைனா' (இடையில்), 'பயானா' (தெளிவான) என்ற இரு சொற்களை, கிழக்காப்பிரிக்கக் கடற்கரை வணிகத்தின் வழியே சுவாகிலி கடன் வாங்கியிருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் மார்க்கச் சொற்பொழிவைப் 'பயான்' என்பதும் அதே அரபுச் சொல்தான். எனவே கட்டுரையில் 'போனா'வை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 'பயானா'வை வையுங்கள். அதை உறவுச்சொல் என்று சொல்லாமல் கடன்சொல் என்றே குறிப்பிடுங்கள்.