மகளின் சான்றிதழில் பெயர் இல்லை, மகனின் சான்றிதழில் அப்பா பெயர் தவறு: எங்கே போய்ச் சரிசெய்வது?

கேள்வி: நாங்கள் கோவையில் வசிக்கிறோம். மகள் 2021 ஜூலையில் என் தாய்வீட்டுப் பிரசவத்தில், பட்டுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் அவள் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது. மகன் 2025 மார்ச் 14 அன்று கோவையில் பிறந்தான். அவனுக்கும் இன்னும் பெயர் பதியவில்லை. போதாததற்கு, என் கணவர் செந்தில்குமார் பெயர் அவன் சான்றிதழில் செந்தில்குமரன் என்று அச்சாகியிருக்கிறது. பதிவு நாள் 2.4.2025 என்று போட்டிருக்கிறார்கள். மகளை வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அலுவலக வாசலில் இருக்கும் ஒருவர், "மார்ச் 14-க்குள் பையன் பெயரைப் பதியாவிட்டால் கோர்ட் ஆர்டர் வாங்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் கொடுத்தால் பட்டுக்கோட்டைக்குப் போகாமலே முடித்துத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மகளின் பெயரைப் பதிய அரசுக்குக் கட்ட வேண்டியது 200 ரூபாய். மகனின் பெயரைப் பதியக் கட்டணமே கிடையாது. இரண்டுக்கும் கோர்ட் தேவையில்லை. உண்மையான வேலை உங்கள் கணவர் பெயரைத் திருத்துவதில்தான் இருக்கிறது. அந்த ஆள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் அந்த மார்ச் 14 பயத்தைப் போக்கிவிடுகிறேன். குழந்தையின் பெயரை 12 மாதங்களுக்குள் இலவசமாகப் பதியலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 12 மாதம் எந்த நாளிலிருந்து என்பதில்தான் ஏமாறுகிறார்கள். பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறப்பு பதிவு செய்யப்பட்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். சான்றிதழில் பிறந்த தேதி ஒரு கட்டத்திலும், பதிவு எண்ணும் பதிவு தேதியும் வேறு கட்டங்களிலும் இருக்கும். உங்கள் மகன் பிறந்தது மார்ச் 14, பதிவானது ஏப்ரல் 2. ஆகவே 2026 மார்ச் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. உங்களுக்கு வித்தியாசம் 19 நாள்தான். ஆனால் பிரசவமாகிப் பல மாதம் கழித்துப் பதிவான குழந்தைகளும் உண்டு. எட்டாம் மாதத்தில் பதிவான குழந்தைக்கு இலவசக் கெடு அந்த எட்டாம் மாதத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதாவது குழந்தைக்கு ஒன்றரை வயது தாண்டிய பிறகும்கூடக் கட்டணமில்லாமல் பெயர் பதியலாம். கவுன்ட்டரில் யாராவது "ஒரு வயசு தாண்டிடுச்சே" என்றால், பதிவு தேதிக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டுங்கள். இலவசக் கெடு தாண்டினால் 200 ரூபாய் கட்டி 15 வருடம் வரை பெயர் பதியலாம், அந்தக் கெடுவுக்கும் பதிவு நாளிலிருந்துதான் கணக்கு. உங்கள் மகளுக்கு அது 2036-இல் முடிகிறது. மகனுக்கு 12 மாத இலவசக் கெடுவைத் தவறவிட்டால்கூட அபராதம் அதே 200 ரூபாய்தான். இந்தச் சின்னத் தொகையைப் பூதமாக்கிக் காட்டித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்தது இடம். பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த ஊரோடு ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் வீடுகளில் தலைப்பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது இருக்கிற ஊரில் என்பது வழக்கம். அதனால் ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள் இரண்டு பதிவேடுகளில் இருப்பார்கள். மகளுக்குப் பட்டுக்கோட்டை நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளர், மகனுக்குக் கோவை மாநகராட்சியில் அந்த மருத்துவமனை இருக்கும் பகுதியின் பதிவாளர். மருத்துவமனை ஊராட்சி எல்லைக்குள் இருந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டியிருக்கும். சான்றிதழின் அடியில் எந்த அலுவலகம் வழங்கியது என்று இருக்கும், அதைப் பார்த்துப் போங்கள். மாநிலம் முழுக்க ஒரே மென்பொருள் வந்து வருடங்கள் ஆகின்றன. கோவையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பதிவாளர் பட்டுக்கோட்டைப் பதிவைத் திரையில் திறந்து ஒரு பெயரைச் சேர்க்க முடியாதபடி வைத்திருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கைக்குழந்தையோடு ஒரு தாயை 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் அனுப்புகிற இந்த ஏற்பாடு மாறும்வரை தரகர்களுக்குப் பஞ்சமிருக்காது.

"போகாமலே முடித்துத் தருகிறேன்" என்ற பேச்சின் பின்னால் இருப்பதைச் சொல்கிறேன், இதுதான் உங்களுக்கு நான் தரும் முக்கியமான எச்சரிக்கை. பட்டுக்கோட்டைப் பதிவேட்டைத் தொடாமல் மகளுக்குப் பெயரோடு ஒரு சான்றிதழ் வர இரண்டே வழிகள். ஒன்று, அது அச்சடித்த போலி. அதிலும் கியூஆர் குறியீடு இருக்கும், ஸ்கேன் செய்தால் ஒரு பக்கமும் திறக்கும். ஆனால் அந்தப் பக்கம் அரசுத் தளத்தின் சாயலில் யாரோ நடத்தும் தளமாக இருக்கும். இரண்டாவது வழி இன்னும் மோசம். குழந்தை எங்குமே பதிவாகவில்லை என்று பொய் சொல்லி, தாமதப் பதிவு என்ற பெயரில் புதிதாக இன்னொரு பதிவைப் போட்டுவிடுவார்கள். ஒரே குழந்தைக்கு இரண்டு ஊர், இரண்டு பதிவு எண், சில நேரம் இரண்டு தேதி. இது வெளியே தெரிவது பத்துப் பதினைந்து வருடம் கழித்து, பாஸ்போர்ட் விசாரணையில். அப்போது தரகர் இருக்க மாட்டார், பொய்த் தகவல் கொடுத்தவர்களாகக் காகிதத்தில் இருப்பது பெற்றோரின் கையெழுத்து. பள்ளியில் வயது வரம்புக்காகத் தேதியை நாலு நாள் நகர்த்தித் தருகிறேன் என்பவர்களும் இதே கூட்டம்தான். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த வாழ்நாளில் ஒரு முறைதான் அனுமதி. அதை இப்படியா வீணாக்குவது?

சரி, பட்டுக்கோட்டை வேலை. ஊருக்குப் போகும்போது ஒரு வேலை நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பெயரில்லாத அசல் சான்றிதழ், பெற்றோர் இருவரின் ஆதார் அசலும் நகலும், மகளின் ஆதார் இருந்தால் அதன் நகல், இவ்வளவு போதும். பெயர் பதிவுக்கென்று உறுதிமொழிப் படிவம் அங்கேயே தருவார்கள். நோட்டரி, முத்திரைத்தாள் எதுவும் பெயர் பதிவுக்குத் தேவையில்லை. 200 ரூபாய்க்கு ரசீது வாங்குங்கள். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நகராட்சிகளில் இந்த வேலை பெரும்பாலும் துப்புரவு ஆய்வாளர் தலையில் இருக்கிறது. காலையில் குப்பை வண்டி, மதியம் கொசு ஒழிப்பு, நடுவில் நம் பிள்ளைகளின் பெயர். அவரைக் காலை பத்துக்கு நாற்காலியில் எதிர்பார்க்க முடியாது, முதல் நாளே எந்த நேரத்தில் இருப்பார் என்று கேட்டு வையுங்கள்.

படிவத்தை நிரப்புவதற்கு முன் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு முறை பதிந்த பெயரைப் பிறகு மாற்ற முடியாது. எண் கணிதம் பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டுவது, தாத்தா பெயரைச் சேர்ப்பது எல்லாம் இப்போதே முடிந்துவிட வேண்டும். சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும், ஆகவே இரண்டு எழுத்திலும் முடிவு செய்யுங்கள். பெயரில் 'ழ' இருந்தால் ஆங்கிலத்தில் 'இசட் எச்' போடுவீர்களா, 'எல்' போடுவீர்களா? 'த'வுக்கு 'எச்' உண்டா, இல்லையா? தமிழில் சரியாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஆங்கிலத்தைத் தட்டச்சு செய்பவரின் காதுக்கு விட்டுவிடுவதால் வருகிற குளறுபடிதான் அதிகம்.

இனிஷியல் விஷயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். மகளுக்குப் பெயரோடு 'எஸ்', மகனுக்குப் பெயரோடு அப்பாவின் முழுப்பெயர் என்று பதிந்தால், பின்னாளில் பாஸ்போர்ட்டில் அக்கா ஒரு குடும்பம், தம்பி வேறு குடும்பம் போல நிற்பார்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதையும் ஒரே மாதிரி வையுங்கள்.

இனி கோவை. மகனின் பெயர்ப் பதிவும் அப்பா பெயர்த் திருத்தமும் தனித்தனி வேலைகள். இரண்டு விண்ணப்பமாக, ஒரே நாளில் கொடுங்கள். "முதலில் திருத்தம் முடியட்டும், பிறகு பெயருக்கு வாங்க" என்று சொல்லி மார்ச்சைத் தாண்ட விடாதீர்கள்.

திருத்தத்துக்குப் போகும் முன் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கேதான் விடை இருக்கிறது. பிரசவம் நடந்ததும் மருத்துவமனை ஒரு பிறப்பு அறிக்கைப் படிவத்தைப் பதிவாளருக்கு அனுப்பியிருக்கும். அதில் செந்தில்குமார் என்றே இருந்து, பதிவேட்டில் மட்டும் குமரன் ஆகியிருந்தால், அது வெறும் எழுத்துப் பிழை. பதிவாளரே விசாரித்துத் திருத்தலாம். அந்தப் படிவத்திலேயே குமரன் என்று இருந்தால், மருத்துவமனையிடமிருந்து "எங்கள் பதிவில் தந்தை பெயர் தவறாகக் குறிக்கப்பட்டது" என்று கடிதம் வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, கணவரின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், திருமணப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை அதனோடு சேர்த்துக் கொடுங்கள். பதிவாளர் இதை எழுத்துப் பிழையாக ஏற்காமல், தகவலே தவறான உள்ளடக்கப் பிழை என்றால், பிழை என்ன, உண்மை என்ன என்று விவரம் தெரிந்த, நம்பத்தகுந்த இருவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை விதி கேட்கிறது. கெசட்டட் அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கும் கோர்ட் இல்லை. பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டுப் புதுச் சான்றிதழ் தருவார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரின் ஆதார், பான், மதிப்பெண் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? ஒன்றில் செந்தில்குமார் என்று சேர்த்தும், இன்னொன்றில் செந்தில் குமார் என்று பிரித்தும் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிரசவ அறையில் நர்ஸ் காதில் விழுந்ததை எழுதுகிறார், வலியில் இருக்கும் தாயிடம் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குகிறார்கள். ஐந்து நிமிடம் செலவிட்டுப் படித்துக் காட்டினால் இத்தனை அலைச்சல் இல்லை.

மகளைவிட மகனின் சான்றிதழுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான். 2021-இல் பிறந்த மகளுக்கு நாளைக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்ற வேறு கதவுகள் உண்டு, மகனுக்கு அவை இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதி என்பதைப் பல பள்ளி அலுவலகங்களே இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஜூனுக்குள் மகளின் சான்றிதழ் வராவிட்டாலும் பதறாதீர்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகக் குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது.

மகனுக்கு ஆதார் எடுக்க அவசரப்பட வேண்டாம். புதுச் சான்றிதழ் வந்த பிறகு எடுங்கள், புதிய பதிவு இலவசம். மகளுக்கு ஐந்து வயது ஆனதும் கைரேகையும் கண் பதிவும் கட்டாயம், ஏழு வயதுக்குள் இலவசம். அவளுடைய ஆதாரில் 'பேபி ஆஃப்' என்று இருந்தால் அதே நடையில் திருத்திவிடலாம்.

பதிவாளர் காரணமில்லாமல் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2023 திருத்தம் கொடுத்த உரிமை இது. முதல்வரின் உதவி எண் 1100-இலும் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கி வையுங்கள்.

வேலை முடிந்ததும் தமிழகப் பிறப்பு இறப்புப் பதிவுக்கான சிஆர்எஸ்டிஎன் டாட் ஆர்க் தளத்தில் நீங்களே சான்றிதழைக் கட்டணமில்லாமல் இறக்கிப் பாருங்கள். கையில் தந்த தாளும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். குழந்தை பெயர், அப்பா பெயர், உங்கள் பெயர், பாலினம், தேதி, எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டரை விட்டு நகருங்கள்.