பதின்மூன்று இலக்கம் எங்கே போனது? ஷாப்பிங் விளம்பர ஃபீடு: கேள்வி பதில்

ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுவட்டாரக் கடைகளின் பொருள் பட்டியலை (அதுதான் ஃபீடு) கூகுள் மெர்ச்சன்ட் சென்டருக்கு, அதாவது ஷாப்பிங் விளம்பரத்துக்காகப் பொருள் விவரம் ஏற்றும் இடத்துக்கு, அனுப்பிக்கொடுப்பது என் பிழைப்பு. வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன். அதற்கு முன் ஒன்று: ஃபீடு கோப்பை எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள்.

திருப்பூர், குழந்தைகள் உடை: அண்ணா, நூற்றுச் சொச்சம் பொருளுக்கு ஜிடிஐஎன் (பார்கோடின் கீழே இருக்கும் எண்) தவறு என்று வருகிறது. பார்கோடு எல்லாம் காசு கட்டி முறையாக வாங்கியதுதான். நேற்று விலையை மட்டும்தான் மாற்றினேன்.

விலையை எதில் மாற்றினீர்கள் தம்பி? எக்செல்லில்தானே?

நடந்தது இதுதான். 8901234567890 என்று ஓர் எண் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை, திறந்ததும் எக்செல் அதை 8.90123E+12 என்று சுருக்கிக் காட்டும். நீங்கள் விலையைத் திருத்திச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சுருக்கமே கோப்பில் பதிவாகிவிடும். மறுபடி திறந்து கட்டத்தை எண்ணாக மாற்றினால் 8901230000000. முதல் ஆறு இலக்கம் தப்பித்தது, மீதி ஏழும் பூஜ்யம். உங்கள் பார்கோடுகள் எல்லாமே ஒரே முன்னெண்ணில் தொடங்குவதால் அத்தனை உடைகளுக்கும் ஒரே எண் வந்து நிற்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், முன்னால் உள்ள இலக்கங்களை வைத்துக் கணக்கிடுவது. கணக்குப் போட்டால் அங்கே 1 வரவேண்டும், இருப்பதோ 0. அதனால்தான் தவறு என்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். சைஸ் பத்தியில் 3-4 வயது, 5-6 வயது என்பதற்கு 3-4, 5-6 என்று மட்டும் போட்டிருப்பீர்கள். அது இப்போது 03-ஏப்ரல், 05-ஜூன் ஆகியிருக்கும். 13-14 மட்டும் பிழைத்திருக்கும், பதினான்காம் மாதம் என்று ஒன்று இல்லாததால். பொருள் ஐடி 00145 என்று இருந்தால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் 145 ஆகிவிடும். ஐடி மாறினால் கூகுளுக்கு அது புதுப் பொருள்; பழைய பொருளுக்குச் சேர்ந்திருந்த விளம்பர வரலாறு கூட வராது.

பழைய கோப்பு இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். எக்செல்தான் வேண்டும் என்றால், உள்ளே இறக்குமதி செய்யும்போதே ஜிடிஐஎன், ஐடி, சைஸ் மூன்று பத்திகளையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிடுங்கள். கூகுள் ஷீட்டாக இருந்தாலும் முதலில் பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டுத்தான் ஒட்டவேண்டும். நானே ஒரு தடவை ஒரு கடையின் மொத்தப் பட்டியலையும் ஒரே பார்கோடில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கடைக்காரர் போனில் கேட்ட கேள்வி இங்கே எழுதத் தக்கதல்ல.

கோயம்புத்தூர், வெட் கிரைண்டர்: விலை பொருந்தவில்லை என்று தினமும் பத்துப் பதினைந்து பொருள் நிறுத்தப்படுகிறது. ஃபீடில் இருப்பது சரியான விலைதானுங்க.

உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 1.25 லிட்டர் மாடலின் இணைப்பைத் தட்டினால் 2 லிட்டர் தேர்வாகித் திறக்கிறது. கூகுள் படிப்பது பக்கம் திறந்ததும் தெரிகிற விலையை. ஒவ்வொரு மாடலுக்கும் அந்த மாடலே தேர்வாகித் திறக்கும் இணைப்பைக் கொடுங்கள். இரண்டாவது, மொத்த வியாபாரிகளுக்காக ஜிஎஸ்டி இல்லாத விலையைப் பெரிதாகவும், சேர்த்த விலையைக் கீழே பொடி எழுத்திலும் போட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் ஃபீடில் வரி சேர்த்த விலைதான் இருக்கவேண்டும். பக்கத்திலும் அதுவே முன்னால் நிற்கட்டும். பக்கத்தின் உள்ளே மறைந்திருக்கும் ஸ்கீமா குறிப்பிலும் (கூகுள் போன்ற இயந்திரங்கள் படிப்பதற்கான விவரம்) பழைய விலை கிடக்கிறது, அதையும் திருத்துங்கள்.

கரூர், மெத்தை விரிப்பு: ஒரு மாதம் நன்றாக ஓடியது, திடீரென்று ஒரு பொருளும் காணோம்.

கடைசியாகப் புதுப்பித்த நாளிலிருந்து 30 நாளில் காலாவதி. கையால் ஏற்றுவதை விட்டுவிட்டு, தினமும் தானாக எடுத்துக்கொள்ளும்படி நேரம் வையுங்கள்.

ஈரோடு, மஞ்சள் தூள்: சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விவரத்தில் போட்டேன், தடுத்துவிட்டார்கள்.

தடுக்கத்தான் செய்வார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, எந்த ஊர் மஞ்சள், எத்தனை கிராம் என்று எழுதுங்கள்.

பவானி, ஜமக்காளம்: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தறி. தலைப்பில் ஜமக்காளம் என்று போட்டால் வெளிமாநிலத்தார் தேடுவதில்லை, கார்பெட் என்றால் பிளாஸ்டிக் விரிப்புக்காரர்களோடு போட்டி. என்ன போடுவது?

அக்கா, இரண்டையும் போடுங்கள். தலைப்பில் 150 எழுத்து வரை இடமுண்டு, ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு முதல் 70 எழுத்து தெரிந்தால் அதிகம். ‘பவானி ஜமக்காளம், கைத்தறிப் பருத்தி துர்ரி’, அப்புறம் அளவு, நிறம். வடக்கே துர்ரி என்றுதான் தேடுவார்கள். ஜமக்காளம் என்பதை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஒன்றைத் தலைப்பிலும் மற்றதை விவரத்திலும் வையுங்கள்.

விசைத்தறி விரிப்பு விற்பவர்: அதே ‘கைத்தறி’ என்ற சொல்லை நானும் போடுகிறேன். கிளிக் கூடுகிறது. எல்லோரும் போடுவதுதானே?

பவானி அக்கா: எல்லோரும் போட்டால் பொய் நிஜமாகிவிடுமாங்க? ஒரு ஜமக்காளத்துக்கு நாங்கள் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நாள் கணக்கில் நெய்கிறோம். நீங்கள் ஸ்விட்சைத் தட்டுகிறீர்கள்.

விசைத்தறிக்காரர்: ஸ்விட்சுக்கும் கரண்ட் பில் வருதுங்க. என் விலை பாதி. வாங்குகிறவர் தறியையா பார்க்கிறார்?

அண்ணா, உங்கள் கரண்ட் பில்லை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இதில் நான் அக்கா பக்கம். முதலில் சட்டம்: 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கென்று ஒதுக்கிய பொருள்களில் ஜமக்காளமும் உண்டு. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இரண்டாவது, என் தொழில் சம்பந்தப்பட்டது. பொருளைப் பற்றித் தவறான தகவல் என்று கூகுள் முடிவு செய்தால், ஒரு விரிப்போடு விடாது, கணக்கையே நிறுத்தும். விலைப் பிழையைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். நிறுத்திய கணக்கை மீட்க மனு மேல் மனு எழுதி வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். ‘பருத்தி விரிப்பு, வீட்டிலேயே துவைக்கலாம்’ என்று போடுங்கள். பாதி விலை என்பது நல்ல சரக்கு, அதையே சொல்லி விற்கலாம்.

விசைத்தறிக்காரர்: சரி, எடுத்துவிடுகிறேன். கிளிக் குறைந்தால் உங்களிடம்தான் வருவேன்.

வாங்க. டீ உண்டு.

பொள்ளாச்சி, தென்னை நார்க் கட்டி: ஒரு படம்கூட வரவில்லை, எல்லாப் பொருளுக்கும் ஒரே பிழை.

எல்லாவற்றுக்கும் ஒரே பிழை என்றால் படத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். தளத்தின் ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறி எதைப் படிக்கலாம், எதைக் கூடாது என்று சொல்வது) படக் கோப்புறையை யாரோ அடைத்து வைத்திருப்பார்கள். பக்கத்தையும் படத்தையும் படிக்க வரும் கூகுளின் நிரல்கள் கூகுள்பாட், கூகுள்பாட்-இமேஜ் இரண்டுக்கும் வழி விடச் சொல்லுங்கள்.

கோபி, பட்டுப்புடவை: படத்தின் மேல் ‘ஆடித் தள்ளுபடி 50%’ என்று எழுதியிருக்கிறோம், அதனாலா?

அதனால்தான். விளம்பர எழுத்து இல்லாத படம் கொடுங்கள். தள்ளுபடியை விற்பனை விலைப் பத்தியில் போடுங்கள். தேதியின் கடைசியில் இசட் போட்டால் லண்டன் பக்கத்து நேரக் கணக்கு, நள்ளிரவு என்று குறித்தாலும் நம் ஊர் விடிகாலை 5.30க்குத்தான் தள்ளுபடி தொடங்கும். +0530 என்று முடியுங்கள்.

பல்லடம்: பார்கோடு பத்தியில் ஈ பிளஸ் 12 என்று வருகிறது.

முதல் பதில்.

தாராபுரம்: கைவினைப் பொருள், பார்கோடே இல்லை. நெட்டில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிப் போடலாமா?

வேண்டாம், அது வேறொருவர் கம்பெனி பெயரில் பதிவான எண்ணாக இருக்கும். நீங்களே செய்து விற்பதென்றால் ஐடென்டிஃபையர் எக்ஸிஸ்ட்ஸ் (அடையாள எண் இருக்கிறதா) பத்தியில் ‘நோ’ போதும். சொந்தமாக வேண்டுமென்றால், பார்கோடு எண் வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் கேளுங்கள்.

அவிநாசி: இன்ஸ்டாகிராமில் லைக் வரவில்லை.

என் மகளைத்தான் கேட்கவேண்டும். எனக்கும் வருவதில்லை.

பெருந்துறை: அண்ணா, சைஸ் பத்தியில் 11-12 என்று போட்டது 11-டிசம்பர் என்று...

எக்செல்லை மூடுங்கள் தம்பி. சேமிக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.