கோணல் மாடலிலா, காற்றிலா?

கேள்வி: என் மகள் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. புராஜெக்டுக்காகக் கூர்மூக்கு வைத்த நீளமான உருளை ஒன்றை விண்ட் டனலில் (மாடல் மேல் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கிற கூண்டில்) 45 டிகிரி தூக்கி வைத்துச் சோதித்தார்கள். காற்று நேர் எதிரே வருகிறது, உருளையும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான், ஆனாலும் இடப்பக்கம் பலமாக இழுக்கிறதாம். கழற்றி மறுபடி மாட்டினால் வலப்பக்கம் இழுக்கிறது. "ஒழுங்காகப் பொருத்தத் தெரியவில்லை" என்று சார் திட்டிவிட்டார், பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யார் சொல்வது சரி?
(ஒரு தாய், முளகுமூடு)

பதில்: முதலில் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லுங்கள் அக்கா. அவள் சரியாகவே பொருத்தியிருக்கலாம். மாடல் நேராக இருந்தால் காற்றும் நேராகப் போகும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் சிக்கல்.

குளச்சல் பக்கம் வள்ளத்தில் போயிருக்கிறீர்களா? ஓடுகிற வள்ளத்திலிருந்து ஒரு கம்பைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கிப் பிடித்தால் கை பின்னால் இழுபடுவதோடு நிற்காது, இடமும் வலமுமாக நடுங்கும். கம்புக்குப் பின்னால் இந்தப் பக்கம் ஒரு சுழி, அந்தப் பக்கம் ஒரு சுழி என்று மாறிமாறிக் கழன்று போகிறது, அந்த நடுக்கம்தான் கைக்குத் தெரிகிறது. சரி, கூர்மூக்கு உருளையைக் காற்றுக்குச் சாய்வாக வைத்தால்? சுழிகள் கழன்று ஓடாமல், மூக்கில் தொடங்கி வால் பக்கமாக, முதுகின் மேல் இரண்டு வடக்கயிறு போல நீண்டு கிடக்கும். சாய்வு குறைவாக இருக்கிறவரை ஜோடி மாடு மாதிரி இரண்டும் சமமாகப் போகும். சாய்வு ஏற ஏற இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கும், கடைசியில் ஒன்று உடலை ஒட்டிக் கிடக்க, மற்றது மேலே தள்ளப்பட்டு விலகிப்போகும். ஒட்டிக் கிடக்கிற பக்கம் அழுத்தம் குறைகிறது, உடல் அந்தப் பக்கம் இழுபடுகிறது. வள்ளத்துக் கம்பில் நேரத்துக்கு நேரம் பக்கம் மாறியது, இங்கே அப்படியே உறைந்து நிற்கிறது. மேலே தூக்குகிற விசைக்கு ஈடாகக்கூட இந்தப் பக்க விசை வந்துவிடும் என்பதால், சார் மிரண்டுபோனதில் ஆச்சரியமில்லை. 60, 70 டிகிரியைத் தாண்டித் தூக்கினால் மறுபடி கம்புக் கதைதான், மாறிமாறி நடுங்கும்.

எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? மூக்கு நுனி. அங்கே கண்ணுக்கே தெரியாத ஒரு கீறல், ஒரு பெயின்ட் பொட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் வந்த ஒரு மயிரிழைக் கோணல், எது இருந்தாலும் போதும். கழற்றி மாட்டும்போது மாடல் கொஞ்சம் உருண்டிருக்கும், நுனியில் இருந்த கீறலும் கூடவே திரும்பியிருக்கும், இழுப்பும் பக்கம் மாறியிருக்கும்.

சாருக்கு வாய்ப்பேச்சில் புரிய வைக்க வேண்டாம், அளந்தே காட்டலாம். முதலில் 10 டிகிரியில் வைத்து ஓட்டட்டும், அங்கே பக்க விசை ஏறக்குறைய பூஜ்யம் என்றால் பொருத்தியதில் பெரிய குறை இல்லை. அப்புறம் 45-இல் வைத்து, தாங்கியைத் தொடாமல், மாடலை அதன் அச்சிலேயே 15 டிகிரி, 15 டிகிரியாக உருட்டி ஒரு முழுச் சுற்று அளக்கட்டும். விசை இடம், வலம் என்று தாவினால் குற்றவாளி நுனிதான். எப்படி உருட்டினாலும் ஒரே பக்கம் இழுத்தால் சார் சொன்னதில் நியாயம் இருக்கிறது, டனல் காற்றே கோணலாக வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இது ஒன்றும் புது விஷயமில்லை. நாசாவுக்கு முன்பிருந்த நாகாவில் ஆலன், பெர்கின்ஸ் என்ற இருவர் 1951-லேயே இந்தச் சமமில்லாத சுழிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். 1990-இல் முதலில் பறந்த எக்ஸ்-31 என்ற அமெரிக்க-ஜெர்மன் சோதனை விமானத்தைப் படுத்தியதும் இதுதான்: விமானி கேட்காமலே மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவு தூக்கிய நிலையில் வால் சுக்கானும் உடலின் பின்காற்றில் மாட்டிக்கொண்டு உதவிக்கு வராது. மூக்கு நுனியைக் கொஞ்சம் மழுக்கி, இருபக்கமும் 20 அங்குல நீளத்தில், ஓர் அங்குல அகலம்கூட இல்லாத பட்டைகளை ஒட்டித்தான் அதை அடக்கினார்கள். மகளும் கடைசியில் நுனியை மழுக்கி ஒருமுறை அளக்கட்டும், புராஜெக்ட் அறிக்கைக்குக் கூடுதலாக ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

கேள்வி: முப்பந்தல் போகிற வழியில், இறக்கை மாட்டாமல் நின்ற காற்றாலைத் தூணில் கயிறு சுற்றியிருந்தார்கள். கண்ணேறுக்கா?
(ஒரு வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: அதுவும் வள்ளத்துக் கம்புதான் அண்ணே, கொஞ்சம் பெரிய கம்பு. தூணின் விட்டம் 4 மீட்டர், கணவாய்க் காற்று விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்தால், இரண்டு விநாடிக்கு ஒருமுறை தூண் இடமும் வலமும் தள்ளப்படும். தூணின் சொந்த ஆட்டமும் அதே தாளத்தில் அமைந்துவிட்டால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். கயிற்றைத் திருகலாகச் சுற்றினால் மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம் என்று சுழி கழலும், தள்ளல்கள் ஒன்றுசேராது. உயரமான புகைபோக்கிகளில் இதே வேலைக்கு இரும்புப் பட்டையைத் திருகலாக நிரந்தரமாகவே பொருத்தியிருப்பதைப் பார்க்கலாம். தலையும் இறக்கையும் ஏறிவிட்டால் தூணின் தாளம் மாறிவிடும், கயிற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். கண்ணேறுக்குப் பூசணிக்காய் தனியாகத் தொங்கியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.