கபேன் பல் துலக்குகிறார்

அன்புள்ள ஐயா,

2024-இல் பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன் மறைந்தபோது அவருடைய படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். 'சிசிலியன் க்ளான்' படத்தில் அவரோடு வரும் கிழவர் யார் என்று பார்த்தால் ழான் கபேன், அவரும் பழைய பிரெஞ்சு நடிகர். நீங்களும் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறீர்கள். அதன்பிறகு 'கிராண்ட் இல்யூஷன்', 'கிரிஸ்பி' இரண்டையும் பார்த்தேன். மெதுவாகப் போவதால் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் பார்க்க முடிந்தது. எல்லாவற்றிலும் ஒரே முகம், ஒரே நடை. அவர் அவராகவே வந்து நிற்கிறார். இதை ஏன் பெரிய நடிப்பு என்கிறார்கள்? உங்கள் தலைமுறையின் பழம்பாசம்தானா? அவர் படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம், எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.

கே., சேலம்

அன்புள்ள கே.,

எங்கே கிடைக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பழம்பாசம் என்பதும் சரியில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் தலை நரைத்துவிட்டது.

ஆனால் ஒன்றரை மடங்கு வேகம்! கச்சேரியில் ஆலாபனை முடியும்வரை வெளியே டீ குடித்துவிட்டுத் துக்கடாவுக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, பாடகருக்குச் சாரீரம் போதாது என்கிறீர்கள். 'கிரிஸ்பி'யில் நடுவே ஒரு காட்சி. தங்கக் கட்டிகளைத் திருடி ஒளித்து வைத்திருக்கும் மாக்ஸ், நண்பன் ரித்தோனைத் தன் ரகசிய வீட்டுக்கு அழைத்துவருகிறான். இருவருக்கும் வயதாகிவிட்டது. நண்பனின் வாய்தான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது. மாக்ஸ் கத்தவில்லை. ரஸ்க் எடுத்து வைக்கிறான், இறைச்சி விழுதைத் தடவிக் கொடுக்கிறான், ஒயின் ஊற்றுகிறான். அப்புறம் அலமாரியிலிருந்து நண்பனுக்கு ஒரு பைஜாமா, துண்டு, பல் துலக்கும் பிரஷ். ரித்தோன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறான். மாக்ஸ் பல் துலக்குகிறான். அவ்வளவுதான். 1954 வரை கொள்ளைக்காரன் படுக்கப்போகுமுன் பல் துலக்குவான் என்பது எந்த இயக்குநருக்குத் தோன்றியிருக்குமோ தெரியாது. ழாக் பெக்கருக்குத் தோன்றியது. அதை நம்பும்படி செய்ய கபேன் இருந்தார். இந்தக் காட்சியை வேகமாக ஓட்டினால் என்ன மிஞ்சும்? இரண்டு கிழவர்கள் ரஸ்க் தின்கிறார்கள்.

சரி, 'அவர் அவராகவே வந்து நிற்கிறார்' என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

எந்த அவர்? 1904-இல் பாரிஸில் பிறந்தபோது அவர் பெயர் ழான்-அலெக்சிஸ் மோன்கோர்ழே. அப்பா அம்மா இருவரும் மேடைப் பாடகர்கள். கபேன் என்பது அப்பா மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். மகன் ஊரைவிட்டு ஓடாத குறையாக அந்தத் தொழிலிலிருந்து தப்பப் பார்த்தான், சில கூலி வேலைகளும் பார்த்தான். கடைசியில் பதினெட்டு வயதில் ஃபோலி பெர்ழேர் என்ற பாரிஸ் கேளிக்கை அரங்கில் கூட்டத்தில் ஒருவனாக நின்றான். பிறகு மூலான் ரூழ் அரங்கில் அன்றைய புகழ்பெற்ற பாடகி மிஸ்தாங்கெத்தோடு ஆடினான், பாடினான். நீங்கள் பார்க்கிற அந்தத் தோள், அந்தக் கனத்த நடை, வாயோரத்து சிகரெட் எல்லாம் 1930-களில் ஒரு ஆட்டக்காரன் படத்துக்குப் படம் செய்து சேர்த்தவை. பிரெஞ்சுத் தொழிலாளி என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஊரே நம்பியபிறகு, செய்தது யார் என்பதை மறந்துவிட்டார்கள். ஒரே முகமாம்! நாற்காலி நாற்காலியாகவே இருக்கிறது என்று தச்சனைக் குறை சொல்வீர்களா?

அப்பா நினைவு வருகிறது. மீட்டர்கேஜ் நீராவி என்ஜினில் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சினிமா அவருக்கு ஆகாது. ஒரு மத்தியானம் நான் குறுந்தகட்டில் 'லா பேத் யூமேன்' போட்டேன். 1938-இல் இயக்குநர் ரெனுவார் எடுத்தது, எழுத்தாளர் ஜோலாவின் நாவல். ஆரம்பத்தில் சில நிமிடங்களுக்கு வசனமே கிடையாது. லெ ஆவ்ர் துறைமுக நகரை நோக்கி ரயில் பாய்கிறது. என்ஜின் சத்தத்தில் ஓட்டுநரும் ஃபயர்மேனும் கையாலேயே பேசிக்கொள்கிறார்கள். தண்டவாளத்துக்கு நடுவே உள்ள தொட்டியிலிருந்து ஓட்டத்திலேயே தண்ணீர் அள்ளுகிறார்கள். அப்பா சோபாவில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் அள்ளியதைத்தான் வியக்கிறார் என்று நினைத்தேன். "யார்றா இந்த டிரைவர்? ரெகுலேட்டர்ல கை வச்சுட்டு அதைப் பாக்கவே மாட்டேங்கறான்" என்றார். ரெகுலேட்டர் என்பது என்ஜினுக்கு நீராவி விடும் நெம்புகோல். நடிகர் என்றேன். "போடா" என்றார். கொலை, காதல் எல்லாம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் படத்துக்காக கபேன் என்ஜின் ஓட்டக் கற்றுக்கொண்டார். மேரியல் என்ற சிற்றூரில் ரயில் பாதையோரத்து வீட்டில் வளர்ந்தவர், பையனாக இருந்தபோது ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டது என்ஜின் டிரைவராகத்தான்.

போர்க்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கே தனிக்கட்டுரை வேண்டும். 1941-இல் ஹாலிவுட் போனார். இரண்டு படங்கள், இரண்டும் சுமார். ஆங்கிலத்தில் அந்தக் கை கால் எதுவும் வேலை செய்யவில்லை. காதலியான நடிகை மார்லீன் டீட்ரிச்சை அங்கே விட்டுவிட்டு, ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். நாற்பது வயதில் டாங்கித் தலைவர். மூடிய இடத்தில் இருக்கப் பயந்த மனிதர் அதற்குள் உட்கார்ந்து ஜெர்மனிவரை போனார். திரும்பிவந்தபோது நரைத்த தலையைப் பார்த்து யாருக்கும் பழைய கபேன் நினைவுக்கு வரவில்லை. 'கிரிஸ்பி'தான் அவரை மீட்டது. அதில் அவர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதைக் கவனித்தீர்களா? எங்கே!

படத்தில் சம்பாதித்ததையெல்லாம் வட பிரான்சின் நார்மண்டியில் நிலமாக வாங்கினார். நூறு ஹெக்டேருக்கு மேல், மாடுகள், பந்தயக் குதிரைகள். நடிப்பு பிழைப்புக்கு, நான் விவசாயி என்று சொல்லிக்கொள்வார். 1962 ஜூலையில் ஒரு இரவு எழுநூறு விவசாயிகள் அவர் பண்ணையைச் சூழ்ந்துகொண்டார்கள். நிலமில்லாத இளைஞர்கள் இருக்கும்போது ஒரு நடிகனுக்கு எதற்கு இவ்வளவு, இரண்டு பண்ணைகளைக் குத்தகைக்கு விடு என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, எனக்குச் சந்தேகமில்லை. அவர் வழக்குப் போட்டார், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் காயம் மட்டும் ஆறவில்லை.

டிரைவர் என்று என் அப்பாவை நம்பவைத்தவர். ராணுவத்திலிருந்து ஓடிவந்தவன், ஆலைத் தொழிலாளி, திருடன் என்று ஒரு நாட்டையே நம்பவைத்தவர். பெரியவரானபின் அவர் நிஜமாகவே ஆகவேண்டும் என்று விரும்பியது விவசாயி ஒன்றுதான். அதில் எழுநூறு பேர் வாசலுக்கு வந்து, நீ நடிகன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்.

1976 நவம்பரில் இறந்தார். நிலத்தில் புதைக்கவில்லை. அஸ்தியை ஒரு கடற்படைக் கப்பல் எடுத்துப்போய் பிரெஸ்ட் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் கரைத்தது.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 'பெப்பே ல மோக்கோ', 'லா பேத் யூமேன்', அப்புறம் கடைசிக்காலத்தில் நடிகை சிமோன் சிஞோரேயோடு நடித்த 'ல ஷா'. வரிசை முக்கியமில்லை, வேகத்தைக் குறையுங்கள்.

அன்புடன்.