வெள்ளிதான் சிறந்த மின்கடத்தி என்றால் வயர் ஏன் காப்பரில்? விலை குறைந்த அலுமினியம் போட்டால் என்ன கெட்டுவிடும்?

கேட்டவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், வயரிங் கொட்டேஷன் கைக்கு வந்துவிட்டது, காப்பர் விலையைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் ராத்திரியில் உட்கார்ந்து இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் கோயம்புத்தூர் கணபதி பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, அதாவது எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற பட்டறை, வைத்திருப்பவன். படிப்பு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். இன்ஜினியரிங் படித்தவர்கள் வந்து கீழே ஃபார்முலா எழுதுவீர்கள், எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எரிந்துபோன காயிலைத் தினமும் உளி வைத்து வெட்டி எடுக்கிறவனுக்கும் இதில் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது. காப்பர் கம்பெனிக்காரன் எனக்குக் கமிஷன் தருகிறான் என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படித் தந்தால் நான் ஏன் இன்னும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன்?

முதலில் கணக்கு. 1913-இல் பதப்படுத்திய காப்பரின் கடத்துத்திறனை நூறு சதவீதம் என்று உலக அளவில் நிர்ணயித்தார்கள். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வது. அதன்படி வெள்ளி சுமார் 105, தங்கம் 70, அலுமினியம் 61, பித்தளை கலவையைப் பொறுத்து 28 சுமாருக்கு, இரும்பு 17. எவர்சில்வர் மூன்றைக்கூடத் தொடாது. ஆக வெள்ளிக்கும் காப்பருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ஐந்து சதவீதம். அந்த ஐந்துக்காக எவன் வெள்ளியில் வயர் இழுப்பான்? ஒரே ஒரு இடத்தில் இழுத்தார்கள். 1942-இல் அமெரிக்காவில் அணுகுண்டு வேலை நடந்தபோது யுரேனியம் பிரிக்கப் பெரிய பெரிய காந்தங்கள் வேண்டியிருந்தன, காப்பரோ போருக்குப் போய்விட்டது. அரசாங்கக் கருவூலத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேல் வெள்ளியைக் கடன் வாங்கி ஓக் ரிட்ஜ் ஆலைக்குக் காயில் சுற்றினார்கள். வேலை முடிந்ததும் ஏறக்குறைய முழுதையும் திருப்பிக் கொடுத்தார்கள், கடைசித் தவணை 1970-இல். எங்கள் ஊரில் மோட்டாரின் பழைய காப்பரைத் திருப்பிக் கொடுப்பதற்குள் நடக்கிற கூத்து வேறு. அதற்கு வருகிறேன்.

அலுமினியத்துக்கு 61 என்றதும் அது மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 2.5 சதுர மில்லி காப்பர் கம்பி ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம் காட்டும். அதே 7.41 ஓம் அலுமினியத்தில் வேண்டுமானால் 4 சதுர மில்லி போட வேண்டும். கம்பி பருமனாகிறது, அவ்வளவுதான். எடையைப் பாருங்கள்: காப்பர் கிலோமீட்டருக்கு 22 கிலோவுக்கு மேல், அலுமினியம் 11 கிலோகூட இல்லை. பாதி எடையில் அதே வேலை. அதனால்தான் ஈ.பி. லைன் முழுக்க அலுமினியம். ராபிட், டாக், பாந்தர் என்று மிருகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அந்தக் கம்பிகளில் நடுவில் இழுவைக்கு எஃகு, சுற்றி மின்சாரத்துக்கு அலுமினியம். வானத்தில் இடத்துக்குப் பஞ்சமா என்ன? பருமன் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை.

மோட்டார் அப்படி இல்லை. ஸ்டேட்டர் என்கிற அசையாத வெளிப்பாகத்தில் காயில் உட்காரும் பள்ளம், அதாவது ஸ்லாட், இத்தனை மில்லி என்று கம்பெனியில் வெட்டிவிட்டார்கள். அதற்குள் பேப்பர் போட்டு, எத்தனை சுற்றோ அத்தனையையும் திணிக்க வேண்டும். காப்பர் இருந்த இடத்தில் 1.6 மடங்கு பருமனான அலுமினியம் உள்ளே போகாது. போகிற கேஜில் சுற்றினால் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடு கூடும். சூடானால் காப்பரே டிகிரிக்கு 0.4 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏற்றிக்கொள்ளும். முப்பது டிகிரியிலிருந்து நூறுக்குப் போனால் கால்வாசிக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். ரெசிஸ்டன்ஸ் கூடினால் மறுபடி சூடு. அதே மோட்டாரின் உள்ளே சுழல்கிற ரோட்டாரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் உருக்கி ஊற்றிய அலுமினியம்தான் இருக்கும். ஒரே வார்ப்பு, ஜாயிண்ட் கிடையாது, அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் சுற்றும். ஆக எனக்கும் அலுமினியத்துக்கும் வாய்க்கால் தகராறு ஒன்றுமில்லை.

ஜாயிண்ட் என்று சொன்னேன். இந்தக் கேள்வி என்னை உறுத்தியதே அதனால்தான்.

அன்னூர் பக்கம் ஒரு விவசாயி, போர்வெல்லில் 5 எச்.பி. சப்மெர்சிபிள். என்னிடம் வைண்டிங் கட்டிப் போனது அந்தச் சீசன் முடிவதற்குள் மறுபடி எரிந்து வந்தது. வண்டியிலிருந்து மோட்டாரை இறக்கும்போதே பட்டறையில் இருந்த நாலு பேர் முன்னால் கேட்டார்: "ஏனுங் தம்பி, காப்பர்னு சொல்லி அலுமினியத்தச் சுத்திப்போட்டீங்களா?" எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் எங்கள் தொழிலில் கோபத்தைவிட ஸ்டேட்டர் தெளிவாகப் பேசும். திறந்து காட்டினேன். ஸ்டார் கனெக்ஷன் மோட்டார், அதாவது மூன்று ஃபேஸ் காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது. இரண்டு ஃபேஸ் காயிலில் கம்பி மேல் சுற்றிய பாலி பிளாஸ்டிக் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. மூன்றாவது ஃபேஸ் நேற்றுக் கட்டியது மாதிரி பளிச்சென்று இருந்தது. கம்பி மட்டம் என்றால் மூன்றும் சேர்ந்து போகும். இரண்டு மட்டும் போனால் லைனில் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று அர்த்தம். மீதி இரண்டும் பாரத்தை இழுத்து எரிந்திருக்கின்றன. அவர் முன்னாலேயே பிளேடால் சுரண்டியும் காட்டினேன், உள்ளே சிவப்புதான். "அப்ப காட்டுக்கு வந்து பாருங்க" என்றார். போனேன்.

மோட்டார் ரூமிலிருந்து போர் வரைக்கும் முன்பு காப்பர் கேபிள் ஓடியிருக்கிறது. அதை ஒரு ராத்திரி திருடன் வெட்டிக்கொண்டு போய்விட்டான். பக்கத்துத் தோட்டங்களிலும் இதே கதை. இனிமேல் திருடன் தொடாத சாமானாகப் போடலாம் என்று அவர் மகன் அலுமினியக் கேபிள் வாங்கிப் புதைத்திருக்கிறான். யோசனையில் தப்பே சொல்ல முடியாது. போர் வாயில், மோட்டாரிலிருந்து மேலே வரும் காப்பர் ஃபிளாட் கேபிளையும் இந்த அலுமினியத்தையும் கையால் முறுக்கி, டேப் சுற்றி, மண்ணிலேயே விட்டிருந்தார்கள். தண்ணீர் விழுகிற இடம். டேப்பைப் பிரித்தேன். மூன்று முறுக்கில் ஒன்றில் அலுமினியம் இருந்த இடம் முழுக்க வெள்ளைப் பொடி. விரலால் தொட்டதும் கம்பி சாம்பல் மாதிரி உதிர்ந்தது. டேப்பின் உள்பக்கம் கருகி, பசை உருகி ஓடியிருந்தது. ரூமில், கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயை யாரோ கடைசி வரைக்கும் திருகி வைத்திருந்தார்கள். கரண்ட் வந்தால் தானாக ஓட ஆட்டோ சுவிட்ச் வேறு. நடுராத்திரி மூன்று ஃபேஸ் வந்திருக்கும், ஒரு ஜாயிண்ட் விட்டிருக்கும், மோட்டார் உறுமிக்கொண்டே எரிந்திருக்கும், கேட்க ஆள் இல்லை.

இங்கே நடந்தது இதுதான். அலுமினியம் காற்றுப் பட்ட உடனே மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. காப்பரோடு ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். சூட்டில் காப்பரைவிட அதிகமாக விரியும், ஸ்குரூ இறுக்கத்தில் மெதுவாக நசுங்கி இளகும். ஒரு ஜாயிண்டில் அரை ஓம் ஏறிவிட்டது என்று வையுங்கள். பத்து ஆம்பியர் போனால் குறைவது ஐந்து வோல்ட். மீட்டரில் பார்க்கிறவன் சந்தேகப்படவே மாட்டான். ஆனால் அந்த ஒரு விரல் இடத்தில் 50 வாட் சூடு உட்கார்ந்திருக்கும், சால்டரிங் அயர்னைச் செருகி டேப் சுற்றி வைத்த மாதிரி.

அவர் அலுமினியக் கேபிளை நான் மாற்றச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் செலவு இழுத்துவிட்டேன் என்பீர்கள். அதே கேபிளை வைத்து, ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் என்று இருக்கிற பைமெட்டல் லக்கை அழுத்திக் கிரிம்ப் பண்ணி, தரைக்கு மேலே ஒரு பெட்டி வைத்துக் கனெக்ஷன் கொடுத்து, ரிலேயை மோட்டார் ஆம்பியருக்கு இறக்கிவிட்டு வந்தேன். மோட்டார் ஓடுகிறது. பட்டறையில் நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு, அந்த நாலு பேர் முன்னால் பதில் வந்ததா என்றால், இல்லை.

அமெரிக்காவில் 1965-லிருந்து 1973 வரை காப்பர் விலை ஏறியதென்று வீடுகளுக்கு உள்ளேயே அலுமினிய வயர் இழுத்தார்கள். தீப்பிடித்ததெல்லாம் பெரும்பாலும் கம்பியின் நடுவில் இல்லை. பிளக் பாயிண்ட், சுவிட்ச் டெர்மினல், அந்த மாதிரி முனைகளில். நம் ஊரிலும் பழைய கட்டை வயரிங் வீடுகளில் அலுமினியம் பார்க்கலாம். ஒரு பல்பு, ஒரு ஃபேன் ஓடின காலத்தில் தாங்கியது. இன்றைக்கு அதே கம்பியில் கீசரையும் ஏ.சி.யையும் மாட்டினால் சுவிட்ச் போர்டு பழுப்பேறும்.

இப்போது நான் சொன்ன அந்தக் கூத்து. ரீவைண்டிங்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது "பழைய கம்பி எங்கே?" கேட்கலாம், அவர்கள் சொத்து. ஆனால் தராசில் போட்டுவிட்டு, "புதுசு நாலரை கிலோ போட்டீங்க, பழசு நாலுதான் இருக்கு, மீதி எங்கே" என்றால் நான் என்ன செய்வது? பாலி வயரில் மேலே சுற்றிய பிளாஸ்டிக்கும் சேர்த்துத்தான் கடையில் எடை போடுகிறான். எரிந்து உருகிய பிறகு அந்தப் பிளாஸ்டிக்கை நான் எங்கே போய்த் தேடிக் கொண்டுவருவேன்? ஸ்கிராப் விலைக்கும் புதுக் கம்பி விலைக்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் விழுங்கியதாகக் கணக்குப் போடுகிறவர்கள், கட்டிய கூலியில் இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் நிற்பார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பத்து வருஷமாக மனதில் கிடந்தது, எழுதிவிட்டேன்.

வெப்பம் பற்றியும் சிலர் கேட்பீர்கள். மின்சாரத்தைச் சுமக்கிற எலக்ட்ரான்தான் உலோகத்தில் சூட்டையும் பெரும்பாலும் சுமக்கிறது, அதனால் வரிசை அதே வரிசை. 1853-லேயே வீடெமான், ஃபிரான்ஸ் என்று இரண்டு ஜெர்மன்காரர்கள் கண்டு சொன்னது. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில் வெள்ளி 429, காப்பர் 401, அலுமினியம் 237, இரும்பு 80, எவர்சில்வர் 16 சுமார். காப்பருக்கும் எவர்சில்வருக்கும் இருபத்தைந்து மடங்கு. எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் காப்பர் பூசுவது இதற்காகத்தான். தனி எவர்சில்வரில் நெருப்புப் பட்ட இடம் மட்டும் கருகும், ஓரம் ஆறிக் கிடக்கும். வைரம் மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது: மின்சாரத்தை விடாது, சூட்டைக் காப்பரைவிட ஐந்து மடங்கு கடத்தும். மோட்டாரில் எங்கள் தலைவலியும் இதில்தான். கரண்ட் கசியாமல் இருக்க ஸ்லாட்டில் போடுகிற பேப்பரும் வார்னிஷும் சூட்டையும் வெளியே விடாது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சுவருக்குள் போகிற வயர் காப்பரிலேயே போடுங்கள். பைப்பில் இடம் குறைவு, சுவிட்ச் டெர்மினல் சின்னது, நூற்றுக்கணக்கான முனைகள். அலுமினியத்தின் மலிவெல்லாம் அங்கே காணாமல் போய்விடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் சுருளில் இருக்கிறதா பாருங்கள். பாதி விலைக்குக் காப்பர் வயர் என்று எவனாவது கொண்டுவந்தால் ஒரு முனையை வெட்டிக் குறுக்குவெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நடுவில் வெள்ளை தெரிந்தால் அது காப்பர் தோல் போட்ட அலுமினியம். ஒரே அளவுச் சுருள் இரண்டைக் கையில் தூக்கினாலும் தெரிந்துவிடும்.

மீட்டருக்கு வெளியே இருந்து வருகிற சர்வீஸ் கேபிள் அலுமினியமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அளவு சரியாக இருந்தால் போதும். அது உங்கள் காப்பரோடு சேருகிற இடத்தில் பைமெட்டல் லக் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் நின்று பாருங்கள். "எதுக்குங்க சார் லக்கு, முறுக்கி டேப் சுத்திட்டா போதும்" என்று உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னால், அந்த ஜாயிண்டை அவிழ்த்து மறுபடி போட வைத்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.