டிரிபிள் சால்கோவை விட்டுவிடலாமா?

இப்போதைக்கு விட வேண்டாம். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் காற்றில் மூன்று சுற்று சுற்றும் இந்த ஜம்ப் மகளுக்குப் பயிற்சியில் பாதிதான் நிற்கிறது, ஜூனியர் போட்டியின் ஃப்ரீ ஸ்கேட்டில் (நீண்ட நிகழ்ச்சியில்) அதை டபுளாக்கலாமா, அதாவது இரண்டு சுற்றாகக் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள். அவள் விழுகிறாளா என்பதைவிட எப்படி விழுகிறாள் என்பதே கேள்வி.

டிரிபிள் சால்கோவுக்கு அடிப்படை மதிப்பு 4.3 புள்ளி. முழுதாகச் சுற்றிவிட்டு விழுந்தால் அதில் பாதி போகும், விழுந்ததற்கு இன்னொரு 1 போகும். மிஞ்சுவது 1.15. சுத்தமான டபுள் சால்கோவே 1.3தான்! ஆனால் அரைச் சுற்று குறைந்தால் போட்டியின் தொழில்நுட்பக் குழு அதை டபுளாகவே எண்ணும். அதிலும் விழுந்தால் கணக்கு மைனஸ்.

மலேசியாவின் சன்வே பிரமிட் மால் ரிங்க்கில் வார இறுதிக் கூட்டத்துக்கு நடுவே பழகுகிறாள் என்றால், வேகம் எடுக்க இடமில்லாமல் சுற்று குறைந்திருக்கலாம். என் ஊகம் அதுதான்.

சோதிக்க:

1. காலையில் ரிங்க் காலியாக இருக்கும்போது, இசையோடு முழு நிகழ்ச்சியையும் ஓடவிடுங்கள். முதல் முயற்சியை மட்டும் எண்ணுங்கள். ஐந்தாவது தடவை நின்றது கணக்கில் வராது.
2. கைப்பேசியில் ஸ்லோமோஷனில் எடுங்கள். பிளேடு பனியைத் தொடும்போது கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சுற்று முழுதானதா என்று பாருங்கள்.

பெரும்பாலான முறை அரைச் சுற்று குறைந்து விழுந்தால் இந்தப் போட்டிக்கு டபுள் போதும்.

ஒன்று மட்டும்: இது ஐஎஸ்யூவின் (சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின்) ஜூனியர் கணக்கு, மதிப்புகள் சீசனுக்குச் சீசன் மாறலாம். அப்புறம், விழுந்தால் பதறி அடுத்த ஜம்ப்பையும் கோட்டைவிடுகிற பிள்ளை என்றால் இந்தக் கணக்கே செல்லாது. அது பயிற்றுநருக்குத்தான் தெரியும், கேளுங்கள்.